இடித்துவிட்டுக் காத்திருந்தவர்

நான் கால்நடை வைத்தியர். நெடுந்தீவு மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் நாட்களில் சரவணையிலிருந்து என் சிறிய காரில் குறிகட்டுவான் துறைக்குப் போவேன். காரை வீதியோரத்தில் விட்டுவிட்டுக் காலை வள்ளத்தில் ஏறினால் பின்னேரம்தான் திரும்புவேன்.

அன்று திரும்பியபோது காருக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, உடுத்திருந்த சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

"அக்கா, இது உங்கட காரோ?"

"ஓம்."

"நான்தான் இடிச்சனான். பட்டாவைப் பின்னுக்கு எடுக்கேக்க கவனிக்கேல்லை."

சாரதிப் பக்கக் கதவு நன்றாக உள்ளே போயிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மடத்துவெளிக்காரர், தன் சிறிய பட்டா லொறியில் யாழ்ப்பாணத்துக்கு மீன் ஏற்றுகிறவர். அன்றைய மீனை இன்னொருவரின் வாகனத்தில் அனுப்பிவிட்டுக் காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். அதைக் கேட்டபிறகு கோபத்தைத் தொடர முடியவில்லை.

"நம்பரை எழுதி வைச்சிட்டுப் போயிருக்கலாமே?"

"காத்துக்குப் பறந்தா? நான் ஓடிட்டன் எண்டல்லோ நினைப்பியள்." பிறகு சொன்னார்: "முந்தி ஒருக்கா ஆரோ என்ர வாகனத்தை இடிச்சுப்போட்டு ஓடிட்டினம். ஆளைப் பிடிக்க ஏலாமல் என்ர இன்சூரன்சிலதான் திருத்தினனான். அடுத்த வருசம் கட்டப் போனா, எனக்கு இருந்த கழிவை வெட்டிப்போட்டினம். ஆரின்ர பிழை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

பல வருடமாக விபத்தே இல்லாமல் கார் ஓடியதற்காக எனக்கும் காப்புறுதிக் கட்டணத்தில் அப்படி ஒரு கழிவு, ஒரு தள்ளுபடி, இருந்தது. பிழை என்னுடையதாக இல்லாவிட்டாலும் அது பறிபோகலாம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

இருவரும் அவரவர் கொம்பனிக்குப் போன் பண்ணினோம். முறைப்பாடு எழுதப் போன இடத்தில், பொலிஸ்காரர் கேட்க முன்னமே "பிழை என்னில" என்றார் அவர்.

மறுநாள் என் காப்புறுதி முகவர் கூப்பிட்டார்.

"டொக்டர், எங்கட பக்கத்தாலயே கிளெயிம் பண்ணுங்கோ. கெதியா முடிஞ்சிடும்."

"என்ர கழிவு?"

"அது போகும்தான்."

"பிழை என்னில இல்லையே?"

"எங்களிட்டையிருந்து காசு போனா, கழிவும் போகும். இடிச்சவற்ற கொம்பனியிட்ட எடுத்தா உங்கட கழிவுக்கு ஒண்டும் ஆகாது. ஆனா சுணங்கும்."

சுணங்கட்டும் என்று விட்டேன். சாரதிக் கதவு திறக்கவில்லை. மற்றப் பக்கத்தால் ஏறி, கியர்க் கம்பியைக் கடந்து தவழ்ந்துதான் என் இருக்கைக்குப் போகவேண்டியிருந்தது. வேலணையில் மாட்டோடு காத்து நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். வீட்டில் என் கணவரும் விடவில்லை.

"எத்தினை நாளைக்கு இப்பிடித் தவழப் போறீர்? பேசாமல் எங்கட இன்சூரன்சில எடும்."

"பிழை செய்யாத நான் ஏன் கூடக் கட்டவேணும்?"

"உமக்குப் பிடிவாதம்," என்றார். ஆனாலும் அடுத்த நாள் காலை காருக்குள் தலையை விட்டு, நான் ஏறுவதற்கு இடைஞ்சலாக இருந்த சாமான்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்.

கடைசியில் மீன் வியாபாரியின் கொம்பனி பணத்தைக் கொடுத்தது. கராச்சில் கதவை மாற்றினார்கள். புதுக் கதவின் வெள்ளை, காரின் வெள்ளையோடு சரியாக ஒத்துப்போகவில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் வருடக் கட்டணத்துக்கான அறிவித்தல் வந்தபோது அதில் கழிவைக் காணவில்லை. என் கொம்பனியின் பட்டணத்துக் கிளைக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "விபத்து ஒண்டு பதிஞ்சு கிடக்கு மிஸ்," என்றாள்.

"நான் உங்களிட்ட ஒரு சதமும் எடுக்கேல்லையே."

"ஓம், அது தெரியுது. அண்டைக்கு நீங்கள் போன் பண்ணினதும் பதிஞ்சிருக்கினம். பிறகு அதை முடிச்சு வைக்கேல்லை."

மற்றக் கொம்பனி பணம் கொடுத்ததற்கான அத்தாட்சியைக் கேட்டாள். நீட்டினேன். கொழும்போடு நெடுநேரம் கதைத்தாள். கழிவு திரும்ப வந்தது. அப்படியும் கட்டணம் போன வருடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

"இது விபத்தால இல்லை மிஸ். இந்தமுறை எல்லாருக்கும் கூடியிருக்கு."

பாதி நம்பினேன். கட்டிவிட்டு வந்தேன். கேட்காமல் விட்டிருந்தால் கழிவில்லாமல் முழுவதையும் அல்லவா கட்டியிருப்பேன் என்ற எண்ணம், வீட்டுக்குத் திரும்பும் வழியில் பண்ணைப் பாலம் தாண்டும்வரை போகவில்லை.

அடுத்தமுறை நெடுந்தீவுக்குப் போனபோது மீன் வியாபாரியைத் துறையில் கண்டேன். பெட்டிகளில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கட கழிவு என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"போச்சு அக்கா. இந்தமுறை போகத்தானே வேணும். பிழை என்னிலயல்லோ."

மனவருத்தமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. ஊசிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வள்ளம் வெளிக்கிடப் போகுது, ஓடுங்கோ," என்றார்.