பெட்டிக்கு நல்ல நேரம்

ஏர்போர்ட் பஸ்ஸுக்கு டிக்கெட் எழுதுகிறவள் ஒருநாளும் ஏர்போர்ட்டைப் பார்ப்பதில்லை. அவள் பார்ப்பதெல்லாம் போகிறவர்களின் பதற்றத்தைத்தான். பாஸ்போர்ட்டை வைத்த இடம் மறந்து, கட்டிய பெட்டியை மூன்று தரம் கவிழ்த்துக் கொட்டியவரா நீங்கள்? அப்ப நம்ம ஆள்தான், வாங்க, உட்காருங்க.

கண்டி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் எங்கள் கம்பனி ஒரு கவுண்டர் திறந்தது. பெட்டியை இங்கேயே எடை பார்த்து, சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடலாம். காலை ஏழு மணி பஸ்ஸில் போய், கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் எங்கள் மேசையில் அது உங்களுக்காகக் காத்திருக்கும். சுவரில் பெரிய திரை ஒன்று. எந்த ஃப்ளைட் எந்த நிலையில் என்பது ஏர்போர்ட்டிலிருந்து நேரே அதில் வந்து விழும். எல்லாம் மூன்று மாதப் பரீட்சைதான். ஒரு பயணி, ஒரே ஒரு பயணி ஃப்ளைட்டைத் தவறவிட்டாலும் கவுண்டரை மூடிவிடுவோம் என்று கொழும்பு டிரெக்டர் சொல்லிவிட்டார். 'தவறவிட்ட பயணி' என்று ஒரு படிவமும் அனுப்பியிருந்தார். நாற்பத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை இது. பயந்துபோய், அந்தப் படிவத்தை மேசை லாச்சியில் குப்புறப் போட்டு, மேலே பிள்ளையார் படத்தை வைத்தேன்.

கடைசிக் கோல்

மடவளை ஹாஜியார் ஒருவர், டோஹாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர். ஏழாகப் பத்து நிமிஷம். எல்லாரும் பஸ்ஸில் ஏறியாச்சு. இவர் மட்டும் திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கையில் போனை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார். "ஏறுங்க ஹாஜியார்" என்றால், "பொறுங்க மகள், கோல் ஒண்டு வரணும்" என்கிறார். எங்கள் டிரைவர் சுனில் ஹோர்னை அடித்துக் காதைக் கிழிக்கிறார்.

யாருடைய கோல் என்று கேட்டேன். திரையைக் காட்டினார். காலை டோஹா ஃப்ளைட்டுக்கு நேரே 'ஃபைனல் கோல்', அதாவது ஏறுவதற்கான கடைசி அழைப்பு, என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. ஐயோ, அது காலையில் போகிறது, உங்களுடையது பின்னேரம், அது போனில் வருகிற கோலும் இல்லை என்று விளக்கி, தள்ளாத குறையாக அவரை ஏற்றினேன். பஸ் நகரும்போது ஜன்னலால் தலையை நீட்டினார்.

"எல்லாஞ் செரி மகள், இது கடசிக் கோலெண்டா மொதக் கோல் யாருக்கு எடுத்த?"

முந்திப்போன பாஸ்போர்ட்

சரோஜா அக்காவுக்குக் கெலிஓயாவில் பாத்திரக் கடை. பெரிய மகன் குவைத் போகிற நாள் சரியில்லை என்று, முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டாள். நாள் சரியில்லாவிட்டால் பெட்டியை முன்கூட்டியே வீட்டை விட்டு வெளியே எடுத்து வைப்பது நம்ம வழக்கம்தானே, பரஸ்தானம் என்று. முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். இப்போது கம்பனியே சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்ளும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏன் கெஞ்ச வேண்டும்? நானும் வாங்கி அலுமாரியில் பூட்டினேன்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு மகன் தலைதெறிக்க ஓடி வந்தான். வீடு முழுக்கத் தேடியும் பாஸ்போர்ட் இல்லையாம். அம்மாவோ கோயிலுக்குப் போயிருக்கிறாளாம், போனும் எடுக்கவில்லையாம். நான் லாச்சியைத் திறந்து பிள்ளையாரைப் பார்க்கிறேன், கடிகாரத்தைப் பார்க்கிறேன். மூடிவிடுவார்கள், தொலைந்தேன் என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்போதுதான் நெற்றி நிறைய விபூதியோடு ஆடி அசைந்து வந்த சரோஜா அக்கா, பெட்டியைத் திறக்கச் சொன்னாள். மடித்த சாரத்துக்கு அடியில் பாஸ்போர்ட் சொகுசாகப் படுத்திருந்தது. மகன் கத்திய கத்தலில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கத்தாதடா, நீ எந்த நேரத்துல வந்தா என்ன, பாஸ்போட்டு நல்ல நேரத்துல கெளம்பிருச்சுல்ல!"

மேலே நேர், கீழே வளைவு

பேராதனையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் சென்னைக்குப் போய், திரும்பும்போதும் எங்கள் பஸ்ஸில்தான் வந்தார். கடுகண்ணாவை மலை வளைவில் லொறி ஒன்று குறுக்கே நின்றதால் பஸ் இரண்டு மணித்தியாலம் தாமதம். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் நிதானமாகப் பெட்டியை இறக்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். புது ராடர் வந்து ஆகாயப் பாதையைச் சுருக்கியதில் பிளேன் இருபது நிமிஷம் முந்தியே இறங்கிவிட்டதாம்.

"மேலை பாதையை நேராக்கிப்போட்டாங்கள், பிள்ளை. கீழை கடுகண்ணாவையை எப்ப நேராக்கப் போறாங்கள்?"

டிரெக்டரின் பெட்டி

மூன்று மாதம் முடிகிற திங்கட்கிழமை, டிரெக்டரே கண்டிக்கு வந்துவிட்டார். கவுண்டரை வைப்பதா மூடுவதா என்று அன்றைக்கு முடிவு. பகல் இரண்டு மணிக்கு அவருக்குச் சிங்கப்பூர் ஃப்ளைட். விமானத்தையும் வீதியையும் இணைப்பது பற்றி அங்கே பேசப் போகிறாராம். எங்கள் சேவையைச் சோதிக்க டிக்கெட் எடுத்து, பெட்டியை ஏழு மணி பஸ்ஸில் ஏற்றினார். தான் மட்டும் எட்டரைக்குக் காரில் போவதாகச் சொன்னார், பஸ் மெதுவாம்.

சின்ன மகனின் பெட்டியை வைக்க வந்த சரோஜா அக்கா, ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிட்டதால் ஒன்பது மணி வரை அசையமாட்டேன் என்று என் கதிரையில் இருந்தாள். "இப்பக் கெளம்பாதீங்க சேர்" என்று அவரிடமும் சொன்னாள். அவர் சிரித்து, போனைத் தூக்கிக் காட்டினார். அதில் தெரிகிற மேப்தான் தனக்குப் பஞ்சாங்கமாம்.

பதினொரு மணிக்கு சுனில் கட்டுநாயக்காவிலிருந்து கூப்பிட்டார். "மிஸ், பேக் ஹரி. மாத்தயா எங்க?" பெட்டி சரியாக வந்துவிட்டதாம், ஐயாவைத்தான் காணோமாம். ஐயா கடுகண்ணாவையில் இருந்தார். முன்னால் ஒரு லொறி புரண்டு கிடந்தது. பின்னால் நகர வழியில்லை. பகல் ஒன்றரைக்கு என் திரையில் சிங்கப்பூருக்கு நேரே ஃபைனல் கோல் மின்னியது. அதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிக்கெட் எங்களுடையது. ஃப்ளைட் போய்விட்டது. சட்டப்படி படிவம் நிரப்ப வேண்டும்.

வீதி திறந்ததும், நான்கு மணிக்கு டிரெக்டர் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார். பிள்ளையாரை நகர்த்திவிட்டு, படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். பெயரை எழுதினார். 'காரணம்' என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்தார். பிறகு, 'பயணி பஸ்ஸில் ஏறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவுண்டரை மூடுவீர்களா சேர் என்று கேட்டேவிட்டேன். மூடினால் தன் பெட்டியிடம் தன்னை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றார். மறுநாள் ஏழு மணி பஸ்ஸில் முன் சீட் கேட்டு வாங்கினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, யாரும் இல்லையே என்று பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நாளைக்கு ராகு காலம் எத்தனை மணிக்கு?"

கவுண்டர் இன்றைக்கும் திறந்திருக்கிறது. லாச்சியில் இருக்கிற அந்த ஒரே படிவத்தில் யாருடைய பெயர் என்பதை, உங்களைத் தவிர வேறு யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.