மூன்று வினாடி முகம்

போன சனிக்கிழமை காலை. ஃபேரர் பார்க் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் மீன் பை. மறு கையில்... வேறென்ன, போன்தான்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. ‘காணவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் வசிக்கும் பெரியவர். ஞாபகமறதி உள்ளவர்.’ கீழே இன்னும் நாலைந்து வரி. ஐயோ பாவம் என்று மனசு பதறியது. உடனே நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன், கூடவே கும்பிடும் கை. எல்லாம் சேர்த்து மூன்று வினாடி ஆகியிருக்குமா? நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடுத்த படத்துக்குத் தாவினேன். யாரோ சாப்பிட்ட பிராட்டா.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, பிடோக் பஸ் இங்க வருமா?”

“தெரியலைங்க. அந்த போர்டுல இருக்கும் லா, பாருங்க” என்றேன், போனிலிருந்து தலையை எடுக்காமலே. என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போது, அதே படம் என் மனைவிக்கும் வந்திருந்தது. கீழே இருந்ததை உரக்கப் படித்தாள். “முன்னாடி பிடோக்ல இருந்தவராம். பிடோக் பஸ் எங்கன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் கேப்பாராம்.”

தட்டைத் தள்ளி வைத்தேன்.

எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து, அவள் வாசித்துச் சொன்ன எண்ணுக்கு அழைத்தேன். பெரியவரின் மகள் எடுத்தார். காலையில் நடந்ததைச் சொன்னேன்.

“எந்த பஸ்ல ஏறினாங்க அங்கிள்? என்ன கலர் சட்டை? கால்ல செருப்பு இருந்துச்சா?”

“ஃபேரர் பார்க்... பத்து மணி இருக்கும்மா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடை. நான் முடிவெட்டிக்கொள்ளும் கடைச் சுவரில் ஒரு மயில் படம் உண்டு. என் முறை வரும்வரை வேறு வேலையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மயிலின் காலடியில் எத்தனை பூ என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அன்று காலை போனில் பார்த்த முகம்? மீசை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை! கண்ணுக்கு ஒரு நொடி போதும். மனசில் தங்கத்தான் நேரம் வேண்டியிருக்கிறது. அதை யார் கொடுக்கிறோம்?

ஐந்து மணிக்கு அந்த மகளே அழைத்தார். பெரியவர் கிடைத்துவிட்டார். பிடோக்கில், அவர்கள் முன்பு இருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில். அங்கே பெருக்கும் பெண்மணி, யாரோ காட்டிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்திருந்தாராம். பெரியவர் தூரத்தில் வரும்போதே அந்தப் பெண்மணிக்கு அடையாளம் தெரிந்துவிட்டதாம். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

“ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். ஒண்ணே ஒண்ணு... காலைல உங்ககிட்ட பேசினப்ப அப்பா பயந்து போயிருந்தாங்களா?”

“இல்லம்மா. முகம் தெளிவாத்தான் இருந்துச்சு” என்றேன்.

பார்த்தவன் மாதிரி.