வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா?

ஒரகடம் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், முதல் கேள்வியே "வூட்ல வயசானவங்க யார்னா கீறாங்களா?" என்பதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் இதை அக்கறை என்று நினைத்தேன். ஊரில் பெரியவர்களை விசாரித்துவிட்டுத்தானே மற்றப் பேச்சு. "அக்கா இருக்காங்க, சௌக்கியமா இருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொன்னேன். வீட்டுக்காரர் முகம் ஏன் சுருங்கியது என்று போன மாதம்தான் புரிந்தது.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி போனபின் மகள் செல்வியை வளர்த்தவள் அவள்தான். கார் கம்பெனியில் கதவு மாட்டும் லைனில் எந்த ஷிப்ட் முடித்து வந்தாலும் எனக்குச் சூடாகச் சோறு இருக்கும். வீட்டுக்காரரும் அவள் மீன் குழம்புக்குக் கிண்ணம் கொடுத்தனுப்பியவர்தான். அக்கா ஆஸ்பத்திரியில் இறந்து, ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தபோது, கேட்டைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"பாடிய உள்ள கொண்டாராதபா. அப்பால எவன் இங்க குடி வருவான்?"

வாசலில் வைத்துக் குளிப்பாட்டிவிட்டு எடுத்துவிடுகிறோம் என்று சொல்ல நினைத்தேன்.

"அத்த வெச்ச கொழம்பு மட்டும் உள்ள வர்லாம், அத்த வரக்கூடாதா அங்கிள்?" என்று செல்வி கத்தினாள். வழக்கம்போல அவள் கையைப் பிடித்து அடக்கினேன்.

ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். "வெளிய செத்த உடம்ப ஊருக்குள்ள கொண்டாரப்படாதுல்லா அண்ணே. நேரா சுடுகாட்டுக்கு வந்திருங்க" என்றான். இரண்டு ஊரும் ஒரே பேச்சு! தெருமுனையில், கம்பெனி பஸ்கள் ஹாரன் அடிக்க, பக்கெட் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டு, இங்குள்ள சுடுகாட்டிலேயே எரித்தோம். உடம்பே நுழையாத வீட்டுக்கு வீட்டுக்காரர் பரிகாரம் செய்து வெள்ளையும் அடித்தார்.

யார் யாரோ ஏறி இறங்கும் கதவுகளை மாட்டியே என் வயது போய்விட்டது. அக்காளைக் கிடத்த ஒரு வாசல் இல்லை. நாளைக்கு நான்? செல்விக்கு விட்டுப்போக நிலமில்லை, வீடில்லை. கையைப் பிடித்து அடக்கும் இந்தப் பழக்கத்தையா விட்டுப்போவது?

போன வாரம் வல்லம் வடகாலில் வீடு பார்த்தோம். வீட்டுக்கார அம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

"நான் இருக்கேன்மா. எனக்கும் வயசாவுது. செத்தா ஒங்க வாசல்ல கிடத்தித்தான் எடுப்பாவ. சம்மதமா?" என்றேன்.

"இன்னாயா நீ, வூடு கேக்க வந்து சாவு பேச்சு பேசிகினு!" கதவு சாத்தப்பட்டது.

செல்வி சிரித்துவிட்டாள். "சூப்பர்பா. வா, அடுத்த வூடு கேப்போம்."

அக்காவின் அஸ்திச் செம்பு, துணி கட்டி, என் பைக் பெட்டியில் இருக்கிறது. அதையும் வீட்டுக்காரர் உள்ளே வைக்க விடவில்லை. தாமிரபரணியில் கரைக்க ஊருக்குப் போகவேண்டும். அதற்குமுன் இங்கே ஒரு வீடு கிடைக்கட்டும், அத்தையை வாசலில் கொஞ்ச நேரம் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்கிறாள் செல்வி.