பத்தடிக்குள் பேசும் கடிகாரம்

பிள்ளைகளே, அந்த வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிடவில்லை என்று சொன்னேனே, அது பொய். அம்மா ஐந்து தடவை கூப்பிட்டாள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

குவைத்தில் அவள் வேலை செய்யும் வீட்டில், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம்தான் அவளுடைய போனை அவள் கையில் கொடுப்பார்கள். தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளிலோ சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பலாமரத்தடியில்தான் இரண்டு கோடு காட்டும். மழை நாளில் அட்டைக்கடியோடு உங்களை அங்கே ஏற்றி இறக்குவது பெரும்பாடு.

பெல்மதுளை டவுனில் போன் கடையில் நிற்கும் உங்கள் மாமாவுக்கு வித்தை காட்ட இது போதாதா? பேச்சுக்கு நடுவில் நிமிசத்துக்கொரு தடவை மணிக்கட்டைத் தூக்கிப் பார்க்கிற ஆள் அவர். மணி பார்க்க அல்ல, நாம் பார்க்க. தன் பழைய ஸ்மார்ட் வாட்ச்சை என் கையில் கட்டிவிட்டு, "மச்சான், இனி கொரங்கு மாதிரி மரத்தடியில குந்த வேணாம். போனுக்கு வாறதெல்லாம் இதுக்கு வரும், இதுலயே பேசலாம்" என்றார். நம்பினேன்.

போனை பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கில் சுற்றிப் பலாமரக் கிளையில் கட்டினேன். அந்த நேரம் ஏதோ விளம்பர மெசேஜ் வந்து வாட்ச் கிர்ரென்று அதிர்ந்தது. போதும் என்று தோட்டத் துரை மாதிரி இறங்கி வந்தேன். அம்மாவின் முகம் தெரியும் என்று சின்னவள் பவுடர்கூடப் பூசிக்கொண்டாள். வாட்ச்சின் மூலையில் குறுக்கே கோடு போட்ட சின்னப் படம் ஒன்று வந்தது. அலங்காரம் என்று நினைத்தேன். மணிதான் ஓடுகிறதே, பிறகென்ன குறை?

பொழுது சாய்ந்ததும் தனியாக மேலே ஏறிப் பார்த்தேன். ஐந்து மிஸ்ட் கோல். திருப்பி அடித்தேன், அதற்குள் அவள் போனை வாங்கிவிட்டிருந்தார்கள். இறங்கி வந்து, அம்மா கூப்பிடவில்லை, வேலை போல என்றேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். போன் பத்தடிக்குள் இருந்தால்தான் புளூடூத் பிடிக்குமாம். தூரத்தில் இருந்தால் இரண்டுக்கும் வைஃபை வேண்டுமாம். நம் தோட்டத்தில் அது ஆபீசில் மட்டும்தான் இருக்கிறது. லயத்து ஆட்களுக்கு எதைக் கொடுத்தும் பிரயோசனமில்லை என்று பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார் மாமா. அவரைவிட எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதை மறந்துவிட்டார்.

"பத்தடியில போன் இருந்தா நான் போனையே எடுத்திருவேனே. அப்ப இந்தச் சனியன் எதுக்கு?" என்று கேட்டேன்.

மாமா மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

துரை பின்னால் நிற்கும்வரை சத்தம் போட்டு, ஜீப் திரும்பியதும் நம்மிடமே பீடிக்கு நெருப்புக் கேட்கிற கங்காணிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த வாட்ச்சும் அந்தச் சாதிதான். அவர்களுக்காவது நெருப்புக் கேட்க வாய் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மரத்தடியில் போனை நீட்டியபோது சின்னவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அம்மாவுக்கு நம்மளவிட வேலதான் பெருசு. நான் பேசமாட்டேன்." அந்தப் பக்கத்தில் அம்மாவுக்கு அது கேட்டது. சின்னவள் சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்டாள்.

உங்களைக் கீழே அனுப்பிவிட்டு, அம்மாவுக்குக் குரல் மெசேஜ் பதிவு செய்தேன். முதல் இரண்டு தடவையும் மாமாவைத்தான் திட்டியிருந்தேன். இரண்டையும் அழித்தேன். மூன்றாவது தடவை, "நீ கூப்பிட்டத நான்தான் புள்ளைங்ககிட்ட மறைச்சேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.