கல்முனை வெயிலில் கரண்ட் கையுறை

நாட்டில் சண்டை முடிந்த பிறகு மகனுக்கு நுவரெலியாவில் வேலை. மோட்டார் சைக்கிளில் மலை ஏறும்போது குளிரில் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியவில்லையாம். லண்டனிலிருந்து என் தங்கச்சி கரண்டில் சூடாகும் கையுறை அனுப்பினாள்.

இன்று கராஜில் மெக்கானிக் பாஸும் நானும் மோட்டார் சைக்கிள் பெட்டரியிலிருந்து அதற்கு வயர் இழுத்தோம்.

"பியூஸ் போட்டீங்களா பாஸ்? சாவிய எடுத்தா கரண்ட் நிக்கணும். மலையில பெட்டரி செத்தா புள்ள என்ன செய்வான்?"

"எல்லாம் போட்டாச்சி ராத்தா. என்ட கையெல்லாம் கிறீஸ், நீங்க மாட்டிப் பாருங்க."

உச்சி வெயிலில் மாட்டினேன்.

"சூடு வருதா?"

வந்தது. மகனுடைய வாப்பா சுனாமியில் மவுத்தான பிறகு என் கையை இப்படி யாரும் பிடித்ததில்லை.

"இன்னும் சரியா வரல்ல பாஸ். கொஞ்சம் இருங்க" என்றேன்.

என் முகமெல்லாம் வேர்வை. பாஸ் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

நீங்களும் கேட்க வேண்டாம்.