கருகமணியில் கோத்த ஸ்பிரிங்

மங்கலம்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்கு நாலு பிள்ளைகள். மூன்றாவது ரசியா பேகம். ரசியாவின் தாய்மாமன் விருத்தாசலம் ஜங்ஷனில் இஞ்சினுக்குக் கரி தள்ளியவர். அவருக்கு ஒரே மகன், கியாசுதீன். அவனுக்குத்தான் இவள் என்று தொட்டிலிலேயே பேசினார்கள். பேச்சு மாறவில்லை. மாறியது மாப்பிள்ளையின் பிழைப்புதான். அத்தாவைப் போல ரயிலில் சேர மூன்று தடவை எழுதிப்போட்டார், கிடைக்கவில்லை. ஷார்ஜாவுக்கு டிரைவராகப் போனார். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாதம் லீவு.

எண்பத்தொன்பதில் வந்தபோது ஒரு சாண் நீளத்தில் ரயில் இஞ்சின் ஒன்று, ஓடத் தண்டவாளத்தோடு கொண்டுவந்தார். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். உள்ளே மோட்டார், பித்தளைப் பல்சக்கரம், எல்லாம் உண்டு. மகள் சபாவுக்கு என்று சொல்லித்தான் பெட்டியைப் பிரித்தார். அவளை ஒரு நாளும் தொடவிட்டதில்லை.

ஒவ்வொரு லீவிலும் வந்த மறுநாள் காலை, நாஷ்டா ஆனதும் ஜன்னலோரம் பாயை விரித்து அதைக் கழற்ற உட்காருவார். பக்கத்து வீட்டு அருக்காணி செராமிக் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டை துடைத்து அடுக்குகிறவள். விரிசல் விட்டு ஒதுக்கிய பீங்கான் கட்டைகளில் ஒரு டஜன் கொடுத்திருந்தாள். கியாசுதீன் அவற்றை வரிசையாக வைத்து, கழற்றுகிற சாமான்களை ஒவ்வொரு குழியிலும் போட்டுக்கொண்டே போவார். முதல் கட்டையில் அடி ஸ்க்ரூ. அப்புறம் மேல்கூடு, சக்கரம், அச்சு. கடைசிக் கட்டையில் மிளகளவு இரண்டு கரித்துண்டு. அவற்றை மோட்டாரோடு அழுத்திப் பிடிக்கிற இரண்டு ஸ்பிரிங். மூச்சு விட்டால் பறந்துபோகிற ஸ்பிரிங்.

“அழுத்தம் இல்லேன்னா கரண்டு ஏறாது ரசியா. அப்பறம் இஞ்சின் வெறும் தகரந்தான்” என்பார்.

துடைத்து எண்ணெய் போட ஒரு பகல் போதும். அவர் அதை இரண்டு மாதம் இழுப்பார். இன்றைக்கு ஒரு அச்சில் சுற்றின முடியை ஊசியால் எடுத்தால், நாளைக்கு ஒரு பல்சக்கரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஒரே சொட்டு. பயணத்துக்கு முந்தின நாள்தான் எல்லாவற்றையும் பூட்டுவார். தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு மூன்று சுற்று ஓடவிட்டு, இஞ்சினை அதன் பெட்டியில் வைத்து மூடுவார். ரசியாவுக்குக் காலண்டர் வேண்டியிருக்கவில்லை. கட்டைகள் ஜன்னலோரம் கிடந்தால் மனிதர் வீட்டில் இருக்கிறார். பெட்டி மூடினால் போகிறார்.

தொண்ணூற்று மூன்றில், லீவின் கடைசி வாரம், அவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில், ரசியா கடைசிக் கட்டையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டாள். இஞ்சினைத் திறந்துபோட்டுவிட்டு இவர் எங்கே போய்விடுவார் என்று நினைத்தாள். எங்கே வைத்தாலும் தொலையும். அதனால் நிக்காஹ் அன்று கட்டிய கழுத்துக் கருகமணியை அவிழ்த்து, இரண்டு மணிக்கு நடுவில் கோத்துக் கட்டிக்கொண்டாள்.

பூட்டுகிற நாள் வந்தது. கியாசுதீன் தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்துத் தேடினார். குப்பையை முறத்தில் அள்ளி, அருக்காணி வீட்டு மாவுச் சல்லடையில் சலித்தார்.

“ஏண்ணே, கொசுவுக்குக் காலு மாதிரி ஒரு கம்பி, அதுக்கா இம்மாம் பாடு?” என்றாள் அருக்காணி.

“ரெண்டு நாளு தள்ளிப் போங்களேன் மச்சான், தேடிப் பார்ப்போம்” என்றாள் ரசியா.

“ஸ்பிரிங்கு கெடைக்கிற வரைக்கும் பிளேனு நிக்குமா?”

சாயங்காலம் கட்டைகளைத் துண்டால் மூடினார். “எதையும் நகத்திடாத” என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறினார். அவள் கணக்குப் பொய்த்தது. மனிதரும் இல்லை, இஞ்சினும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு ஷார்ஜாவிலிருந்து அவர் பேசி அனுப்பிய கேசட்டுகளில் எல்லாம், சபா படிப்பை விசாரித்து முடித்ததும் ஒரே கேள்வி: “ஸ்பிரிங்கு கெடைச்சுதா?” இவள் பதில் பேசி அனுப்புகிற கேசட்டை அங்கே அறையில் எட்டு ஆம்பிளைகள் சேர்ந்து கேட்பார்கள். அதில் எப்படிச் சொல்வாள்? “தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று பேசும்போதே கை கழுத்துக்குப் போய்விடும்.

தொண்ணூற்றைந்தில் வந்தவர், கொடுத்த தண்ணீரைக் கூடக் குடிக்காமல் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார்.

“இருவது ஸ்பிரிங்கு! இனிமே லீவுக்கு ஒரு ஜோடி மாத்திக்கலாம். எத்தினி தொலைஞ்சாலும் கவலையில்ல.”

ரசியா பொட்டலத்தைக் கையில் வாங்கினாள். லீவுக்கு ஒரு ஜோடி. பத்து லீவு. இரண்டு வருசத்துக்கு ஒரு லீவு. சபாவுக்குப் பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடம் போகும். பொட்டலத்தை வைத்துவிட்டு, முக்காட்டை விலக்கிக் கருகமணியை நீட்டிக் காட்டினாள்.

“பழசு இங்க இருக்குது.”

கிட்டே வந்து பார்த்தார்.

“எப்பலேருந்து?”

“நீங்க சல்லடையில சலிச்சீங்களே, அதுக்கு முன்னாலேருந்து.”

திட்டுவார் என்று நினைத்தாள். “மூக்குல தூசி ஏறி ஷார்ஜா வரைக்கும் தும்மிக்கினே போனேன்டி” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“பத்து லீவு ஆவுமா மச்சான்?”

“கடைக்காரன் பாக்கெட்டாத்தான் குடுத்தான், ரசியா.”

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி பெட்டிக்குள் குனிந்துகொண்டார். கழுத்தில் கிடந்ததைத் திருப்பிக் கேட்கவுமில்லை.

அந்த லீவில் அவள் எதையும் ஒளிக்கவில்லை. புது ஸ்பிரிங் போட்டுப் பூட்டினார். இஞ்சின் மூன்று சுற்று ஓடியது. நாலாவது சுற்றும் ஓடவிட்டார், வழக்கமில்லாமல். பிறகு பெட்டி மூடியது, பஸ் போனது.

மறுநாள் காலை சபாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ரசியா ஜன்னலோரம் பாயை விரித்தாள். பன்னிரண்டு கட்டைகளையும் வரிசையாக வைத்தாள். பெட்டியைத் திறந்து இஞ்சினைக் கவிழ்த்து, அடி ஸ்க்ரூவைத் திருகி, முதல் கட்டையில் போட்டாள். எத்தனை லீவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். வரிசை ஒன்றும் தவறவில்லை.

கம்பெனிக்குக் கிளம்பிய அருக்காணி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் கட்டைகள் நிறைந்திருந்தன.

“என்னாக்கா, அண்ணன் போவலியா?”

ரசியா நிமிரவில்லை. கடைசிக் கட்டையில் இரண்டாவது ஸ்பிரிங்கை ஊசி முனையால் இறக்கிக்கொண்டிருந்தாள்.

“மெதுவா வா அருக்காணி, ஃபேனைப் போட்டுடாத. பறந்துரும்.”