மனு எந்தப் பக்கம்

அவளுக்கு மனு என்ற பட்டப்பெயர் ஒன்பது வயதில் வந்தது. 'மேற்படி அண்ணன் குளியலறைக்குள் போனால் வெளியே வருவதில்லை. தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். அதே வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, இரண்டு திருகாணியை மிச்சம் வைத்துத் திரும்ப மாட்டினாள். கடிகாரம் முன்பைவிட ஒழுங்காக ஓடியது.

ஆகவே பதினெட்டு வயதில் சட்டத்துக்கும் இன்ஜினியரிங்குக்கும் ஒரே வாரத்தில் இடம் கிடைத்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. சண்டைதான் போட்டார்கள். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் அப்பாவுக்கு அவள் இன்ஜினியராக வேண்டும். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் சித்திக்கு அவள் கறுப்பு கோட்டு மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஆளுக்கு ஒரு நாள் உங்ககூட வந்து பாக்கறேன்," என்றாள் மனு.

புதன்கிழமை சித்தியோடு போனாள். வக்கீல் பதினோரு பேரிடம் போனில், "கேஸைத் தள்ளி வெச்சிருக்காங்க" என்றார். வேறொன்றும் நடக்கவில்லை. மனுவுக்குக் கொட்டாவியில் தாடை வலித்தது. மத்தியானம், மூன்று மணிக்குள் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய பத்திரத்தை நகலெடுக்கும்போது ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டது. வக்கீல் அதை இரண்டு அறை அறைந்தார். சித்திக்கு அழுகை முட்டியது. மனு பின்பக்க மூடியைத் திறந்து, கொண்டை ஊசியை விட்டு, சுருண்ட காகிதத்தை இழுத்தாள். கூடவே ஒரு மிட்டாய்த் தாளும் வந்தது. வக்கீல் விட்டத்தைப் பார்த்தார். மெஷின் ஓடியது.

வியாழக்கிழமை அப்பாவோடு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா வீட்டுக்குப் போனாள். வாஷிங் மெஷின் மோட்டார் செத்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால், "வாரண்டி முந்தாநாளே முடிஞ்சுபோச்சு சார்" என்றார்கள். அப்பா பையை மூடினார். மனு போனைப் பிடுங்கினாள்.

"அவங்க புகார் கொடுத்து பத்து நாள் ஆச்சு. இதுவரைக்கும் ஆள் அனுப்பாதது யாரு? நீங்க ஆடி அசைஞ்சு வர்றதுக்கு அவங்க வாரண்டி ஏன் தேயணும்?"

நாற்பது நிமிஷம். மூன்று அதிகாரிகள். மூன்றாமவர், "புது மோட்டார் அனுப்பறோம்மா, தயவுசெஞ்சு போனை வைங்க" என்று கெஞ்சினார்.

சாயங்காலம் சித்தி வாசலிலேயே ஆரம்பித்தாள். "மாமா, நீங்க சொன்னதுதான் சரி. அவளுக்கு இருக்கறது இன்ஜினியர் கை!"

"போதும்! அந்த வாயை இன்ஜினியரிங்ல கொண்டுபோய் அடைக்கச் சொல்றியா? வக்கீலுக்குத்தான் படிக்கணும்!"

இருவரும் கட்சி மாறிவிட்டார்கள். "சத்தம் மட்டும் அப்படியேதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனு யோசித்தாள். ஜெராக்ஸ் மெஷின் ஓட ஆரம்பித்ததுமே அது அவள் மனத்தைவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது அதிகாரி மட்டும் போகவே இல்லை. அவருக்கு இன்னும் நறுக்கென்று ஒரு பதில் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது, வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டக் கல்லூரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

படிப்பு முடித்து நடத்திய முதல் வழக்கில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"உக்காருங்கம்மா. நீங்க ஜெயிச்சு பத்து நிமிஷம் ஆச்சு."